கிராஃபிக் டிசைன் வகுப்பில் சேரப்போகிறவர்களுக்கு: முதல் நாளிலிருந்தே எதையும் அழிக்காதீர்கள்

ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பின் கடைசி மாதத்தில் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வேலைகள் கொண்ட தொகுப்பு ஒன்றையும், 'என் முன்னேற்றம்' என்ற தலைப்பில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் இரண்டு வாரத்தில் ஒப்படைக்க வேண்டும். நூறு மதிப்பெண்ணில் முப்பது அந்த இரண்டு பக்கத்துக்கு. தொகுப்பு என்னிடம் இருந்தது. முன்னேற்றம்தான் இல்லை. முன்னேறியிருந்தேன், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே கோப்பைத் திறந்து, திருத்தி, அதன்மேலேயே சேமித்திருந்தேன். ஜூலையில் செய்த அலங்கோலமெல்லாம் டிசம்பரில் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

நான் தாம்பரத்திலிருந்து சனி, ஞாயிறு மட்டும் சென்னைக்குள் போய்ப் படித்தவன். வார நாட்களில் கணக்கு அலுவலக வேலை. ஓவியம் தெரியாது. அந்தக் கடைசி இரண்டு வாரத்தில் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

1. பணம் கட்டுவதற்கு முன்

விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை வேறு, நீங்கள் கட்டப்போகும் தொகை வேறு. எனக்குச் சொன்னது 32,000 ரூபாய். ரசீது போடும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 37,760 ஆனது. தேர்வுக் கட்டணம் 1,500 தனி என்பதை ஐந்தாவது மாதம்தான் சொன்னார்கள். நாள் முழுக்க அடுத்தவர் ரசீதைச் சரிபார்க்கும் எனக்கே இது நடந்தது. "எல்லாம் சேர்த்துக் கடைசி ரூபாய் வரை எவ்வளவு?" என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். முதல் மாதத்திலேயே வகுப்பு பிடிக்காமல் போகிறவர்கள் உண்டு. தவணையே நல்லது.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களின் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு. அசலைக் கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வைத்துவிட்டு வராதீர்கள்.

விண்ணப்பத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் நிதானம் தேவை. தலைப்பெழுத்து நம் எல்லோருக்கும் உள்ள தொல்லை. பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. நீங்கள் எப்படி எழுதிக் கொடுக்கிறீர்களோ அப்படித்தான் ஆறு மாதம் கழித்துச் சான்றிதழில் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே எழுதுங்கள். நான் அவசரத்தில் ஆதாரைப் பார்த்து எழுதினேன். திருத்திய சான்றிதழ் வர மேற்கொண்டு ஆறு வாரம் ஆனது, 500 ரூபாயும் போனது.

கடைசியாக ஒன்று கேளுங்கள். இதை நான் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் அழகான வேலைகளைப் பார்த்து மயங்காமல், யாராவது ஒரே மாணவர் முதல் மாதம் செய்ததையும் கடைசி மாதம் செய்ததையும் அடுத்தடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். சுவரில் உள்ளதை மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டினால், திறமையோடு வந்து சேர்ந்தவர்களின் வேலையை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

2. கணினியும் மென்பொருளும்

சேர்ந்த அன்றே மடிக்கணினி வாங்க ஓடாதீர்கள். எங்கள் வகுப்பில் முதல் மூன்று வாரம் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும்தான். அதற்குள் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் ரிச்சி தெருவில் பழைய மேசைக் கணினி ஒன்றை 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். 16 ஜிபி ரேம். திரை மட்டும் புதியது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் நிறம் மாறித் தெரியும் திரையில் இந்த வேலை செய்யக் கூடாது. கடையிலேயே நின்று, இடமும் வலமும் நகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றை விற்கும் அடோபி நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாணவர் விலை உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரி மாணவர் என்று நிரூபிக்க வேண்டும். தெருமுனைப் பயிற்சி மையத்தின் அடையாள அட்டை அதற்கு உதவும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். மாணவர் விலையும் முதல் ஆண்டோடு ஏறிவிடும். 'மாதம் இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணை. 14 நாட்களுக்குப் பிறகு விலகினால் மீதித் தொகையில் பாதியைக் கட்டவேண்டி வரும். இலவசச் சோதனைக் காலம் ஏழு நாள்தான். அதைப் பென்சில் வாரங்களில் வீணாக்காதீர்கள்.

காசு இல்லையென்றால் இங்க்ஸ்கேப் (லோகோ போன்ற கோட்டு வடிவங்கள் வரைய), கிம்ப் (புகைப்படம் திருத்த), கிரிட்டா (ஓவியம் தீட்ட), ஸ்கிரைபஸ் (பக்கம் அமைக்க) ஆகிய நான்கும் இலவசம், சட்டப்படியும் சரி. அச்சுக்கான நான்கு வண்ணக் கோப்பு வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பில் வரைந்து ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து பிடிஎஃப் எடுக்கலாம். சுற்றுவழிதான். திருட்டுப் பிரதியை நிறுவித் தருகிறேன் என்று எங்கள் வகுப்பிலேயே ஒருவர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு சுற்றினார். அதோடு வந்த வைரஸ் மூன்று பேருடைய கோப்புகளைப் பூட்டிவிட்டது.

3. முதல் வாரத்திலேயே ஒரு கோப்புறை, ஒரு நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடிய தவறுகள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்புறை. கோப்பின் பெயரில் வேலையின் பெயர், ஆண்டு-மாதம்-நாள், வரிசை எண். 'மெனு அட்டை 2024-07-14 01' என்பது போல. ஆண்டை முன்னால் வைத்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதியது', 'உண்மையான ஃபைனல்' என்று பெயர் வைக்கும் வியாதி எல்லோருக்கும் வரும். எனக்கு முற்றியே போயிருந்தது. ஒவ்வொரு நாளும் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை, புதிய எண்ணில் வேறாகச் சேமிப்பது. பிறகுதான் திருத்தம்.

வாரக் கடைசியில் மூன்று பொருள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அதன் பிடிஎஃப், ஏ4 தாளில் ஒரு வண்ண அச்சு. அச்சு எதற்கு என்று தோன்றும். மூலக் கோப்பு ஒரு நாள் திறக்காமல் போகும், தாள் போகாது. திரையில் கண்ணுக்குப் படாத தவறு தாளில் பட்டுவிடும் என்பது இன்னொன்று. பக்கத்துக்குப் பத்து ரூபாய் வீதம் ஆறு மாதத்தில் எனக்கு 600 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். கண்ணாடி உறை வைத்த கோப்பு அட்டை ஒன்று 180 ரூபாய். பென்சில் படங்களைக் கிழித்துப் போடாமல் அதே உறையில் செருகுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் நாலே வரி. என்ன கேட்டார்கள், நான் என்ன செய்தேன், ஆசிரியர் என்ன சொன்னார், நான் எதை மாற்றினேன். மூன்றாவது வரியை ஆசிரியர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். 'இடைவெளி பற்றிச் சொன்னார்' என்று எழுதினால் நவம்பரில் படிக்கும்போது ஒன்றும் விளங்காது. 'தலைப்புக்கும் படத்துக்கும் நடுவில் மூச்சு விட இடம் இல்லை' என்று அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் அந்த அச்சைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வரும். செய்துமுடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதும்போது இது எவ்வளவு கைகொடுக்கும் என்று பின்னால் சொல்கிறேன்.

4. தமிழ் எழுத்தைச் சொல்லித்தர மாட்டார்கள். நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும்

வகுப்பில் எல்லாப் பயிற்சியும் ஆங்கில எழுத்தில் நடக்கும். வெளியே வந்ததும் முதல் வாடிக்கையாளர் கேட்பது காதணி விழா அழைப்பிதழ். நான் முதன்முதலில் ஃபோட்டோஷாப்பில் 'கொண்டாட்டம்' என்று தட்டியபோது, ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து ஐந்து எழுத்துரு மாற்றினேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

கோளாறு எழுத்துருவில் இல்லை, அமைப்பில் இருந்தது. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றின் பழைய பதிப்புகளில், விருப்ப அமைப்புகளில் (ப்ரிஃபரன்சஸ்) எழுத்துக்கான பகுதிக்குப் (டைப்) போய் இந்திய மொழிகளுக்கான தேர்வை நீங்களே இயக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று இருக்கும். புதிய பதிப்புகளிலும் இன்டிசைனிலும் 'வேர்ல்டு ரெடி' என்ற பெயரைத் தேடுங்கள். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறந்து புதிய கோப்பில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்த பொறி பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவை யூனிகோடு அல்ல, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் அமைந்தவை அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். அச்சகங்களில் இன்னும் இவை புழங்குகின்றன. அவர்கள் கொடுக்கும் கோப்பை மாற்றி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சொந்த வேலையை மட்டும் யூனிகோடிலேயே செய்யுங்கள். இலவசமாகவும் உரிமத் தொல்லை இல்லாமலும் கிடைப்பவை பல உண்டு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரான், மீரா இனிமை, பலூ தம்பி. வாட்ஸ்அப் குழுவில் '500 தமிழ் ஃபான்ட்' என்று வரும் மூட்டையில் யாருடைய உழைப்பு இருக்கிறது, எதற்கு உரிமம் வேண்டும் என்று தெரியாது. தொகுப்பில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

வரி இடைவெளிக்கு ஆங்கிலக் கணக்கு உதவாது. பத்துப் பாயின்ட் அளவு எழுத்துக்கு வரி இடைவெளி பன்னிரண்டு என்று மென்பொருள் தானாக வைத்துக்கொள்ளும். தமிழில் மேல்வரியின் 'பூ', 'கூ' ஆகியவற்றின் வால் கீழ்வரியின் 'கீ', 'தீ' ஆகியவற்றின் சுழியை இடிக்கும். பதினைந்து வைத்துப் பார்த்து, அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுத் தலைப்பை அகட்டும் ஆங்கில அலங்காரமும் தமிழுக்கு ஆகாது. கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரிந்து அநாதையாக நிற்கும்.

என் சோதனைக் கருவி என் அம்மா. தாளை ஆறடி தள்ளிப் பிடித்து, கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்வேன். ஒரு பெயர்ப்பலகை வேலையில் "தையலகம்" என்று நான் எழுதியதை அவர் "மையலகம்" என்று படித்தார். அந்த எழுத்துருவை அன்றே விட்டேன்.

பெயர்ப்பலகை என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழை ஒரு மூலையில் குட்டியாக வைத்து நான் செய்த பலகை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர் அதை மாட்டியிருந்தால் அவருக்குத்தான் நோட்டீஸ் வந்திருக்கும்.

5. அச்சகத்துக்கு ஒரு முறையாவது போங்கள், சொந்தக் காசில்

இரண்டாவது மாதம், எங்கள் தெருத் தையல்கடை அக்காவுக்கு விசிட்டிங் கார்டு செய்துகொடுத்தேன். மூன்றரைக்கு இரண்டு அங்குலம். அடர் பச்சைப் பின்னணி, விளிம்பை ஒட்டி நாலு பக்கமும் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. திரையில் பட்டுப்புடவை மாதிரி இருந்தது. 200 அட்டை அச்சடித்து வாங்கினேன். இடது ஓரத்தில் பச்சைக்கு வெளியே மயிரிழை அளவு வெள்ளை. தங்கக் கோடு ஒரு பக்கம் தடிமனாக, எதிர்ப் பக்கம் பாதி காணாமல் போயிருந்தது. பச்சையும் பச்சையாக இல்லை. ஊறிப்போன கறிவேப்பிலை நிறம்.

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நான் ரவிக்கை வெட்டும்போது தையலுக்கு உள்ளே அரை அங்குலம் துணி விட்டுத்தானே வெட்டுகிறேன். உங்கள் வேலையில் அது கிடையாதா?" என்று கேட்டார்.

கிடையாது என்று யார் சொன்னது? அதற்குப் பெயர்தான் பிளீட். பின்னணி நிறத்தையும் படத்தையும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்க வேண்டும். பெயர், எண் போன்ற முக்கியமானவை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 4 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். கத்தி ஒரு கட்டு அட்டையை மொத்தமாக வெட்டும்போது கொஞ்சம் நகரத்தான் செய்யும். விளிம்பை ஒட்டிய சட்டக் கோடு அந்த நகர்வை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். ஆகவே அட்டையில் சட்டக் கோடு போடாதீர்கள். வகுப்பில் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிக் கடந்திருந்தார்கள். என் நோட்டில் கூட இருந்தது. கையைச் சுட்ட பிறகுதான் புரிந்தது. அந்த 200 அட்டைக்கு 650 ரூபாய்.

அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும்முன் பார்க்க வேண்டியவை. நிறம் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி) அல்ல, சிஎம்ஒய்கே (அச்சின் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை). திரையின் பளீர்ப் பச்சை மையில் வராது. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும்; நாலு மையும் கலந்த கறுப்பு என்றால், ஒரு மை மற்றதன்மேல் சரியாக விழாமல் சற்று விலகினாலும் எழுத்து நிழலடிக்கும். படங்கள் அசல் அளவில் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்). ஏ4 முழுப் பக்கத்துக்கு 2480க்கு 3508 புள்ளிகள். ஆனால் இதே கணக்கைப் ஃபிளெக்ஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். 10 அடி அகலம் 120 அங்குலம். 300ஆல் பெருக்கினால் 36,000 புள்ளி. என் கணினி அப்படியே உறைந்து நின்றது. தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்கு 72 முதல் 100 போதும்.

பல அச்சகங்களில் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள்தான், அதுவும் பழைய பதிப்பு. எந்தப் பதிப்பு என்று கேட்டு அதற்கு ஏற்றபடி சேமியுங்கள், அல்லது பிடிஎஃப் கொடுங்கள். எழுத்துகளைக் 'கர்வ்' ஆக, அதாவது தட்டிய எழுத்தாக இல்லாமல் வரைந்த வடிவமாக, மாற்றிக் கொடுத்தால் எழுத்துரு இல்லையே என்ற பிரச்சினை வராது. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆன பிறகு 'ரூ.80' என்பதை 'ரூ.90' ஆக்க வேண்டுமென்றால் திரும்ப முதலிலிருந்துதான்.

போகும் நாளும் முக்கியம். முகூர்த்த மாதங்களிலும், காலண்டர், டைரி வேலை குவியும் டிசம்பரிலும் மாணவர் கொண்டுவரும் ஐம்பது அட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செவ்வாய், புதன் மதிய நேரம் போனால் பேச நேரம் இருக்கும். தாள் பார்க்க வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் போர்டு என்ற வழவழப்பான அட்டைக்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் புத்தகத்தில் இல்லை, விரல் நுனியில்தான் இருக்கிறது. கடைக்காரர் துண்டுத் தாள் கொடுத்தால் வாங்கி, பின்னால் விவரம் எழுதி, உங்கள் உறையில் வையுங்கள்.

உணவுப் பொட்டலம் வடிவமைக்கும் பயிற்சி எல்லா வகுப்பிலும் உண்டு. என் சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் வெறும் அலங்காரம் வைத்திருந்தேன். உண்மையான பொட்டலத்தில் அந்த இடம் உங்களுடையது அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், சைவம் என்று காட்டும் பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, புகார் முகவரி எல்லாம் அங்கே வர வேண்டும். பார்கோடின் இருபுறமும் வெற்றிடம் விடுங்கள். சிவப்புக் கோடுகளில் அச்சடிக்காதீர்கள், கருவி படிக்காது. சமையலறையில் இருக்கும் ஏதாவது ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே செய்தால் போதும்.

6. விமர்சன நாள்

வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். 'நான் என்ன நினைத்துச் செய்தேன் என்றால்' என்று தொடங்கினால் ஆசிரியர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார், வேலையைப் பார்க்க மாட்டார். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "முதலில் உங்கள் கண் எங்கே போனது?" என்று கேளுங்கள். என் மெனு அட்டையில் பார்ப்பவர் கண் சாப்பாட்டுப் பெயருக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். ஐந்து பேரில் நான்கு பேர் மூலையில் இருந்த வாழை இலைப் படத்தைக் காட்டினார்கள்.

7. ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா?

என்னைப் போல நடுவழியில் இதைப் படிப்பவர்களுக்கு. வாட்ஸ்அப்பைத் தோண்டுங்கள். என் முதல் மெனு அட்டை என் தங்கைக்கு அனுப்பிய படமாக, ஜூலை 14 தேதியோடு, அவள் அனுப்பிய கட்டைவிரல் பொம்மைக்கு மேலே கிடந்தது. ஆசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல் இணைப்புகளைப் பாருங்கள். அச்சகத்துக் கணினியில் கேளுங்கள். அவர்கள் எதையும் எளிதில் அழிப்பதில்லை. கூகுள் டிரைவில் அதே பெயரில் மேலேற்றியிருந்தால் பழைய பதிப்புகள் 30 நாள் வரை இருக்கும். உடனே பாருங்கள், நாள் தள்ளாதீர்கள்.

அப்புறம், வீணாய்ப் போனதைத் தேடுங்கள். கெட்டுப்போன அந்த விசிட்டிங் கார்டுகளை எரித்துவிடத்தான் இருந்தேன். செருப்பு டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்ததால் தப்பின. கடைசி மதிப்பீட்டில் மேசைமேல் பழைய அட்டையையும் டிசம்பரில் திரும்பச் செய்த அட்டையையும் அடுத்தடுத்து வைத்தேன். ஆசிரியர் புதியதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பழையதைக் கையில் எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அதைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேசினோம்.

8. அந்த இரண்டு பக்கத்தை எழுதுவது

மூன்று மாலை ஒதுக்குங்கள். முதல் மாலை எழுதவே வேண்டாம். எல்லா அச்சுகளையும் தரையில் காலவரிசையில் பரப்பி, நோட்டோடு உட்கார்ந்து பாருங்கள். பன்னிரண்டு வேலையையும் பற்றி எழுத முயலாதீர்கள். மூன்றை எடுங்கள். ஒன்று திருந்தியது, ஒன்று பாதி திருந்தியது, ஒன்று இன்னும் வராதது. மூன்றாவதை மறைக்க ஆசையாக இருக்கும். எங்கள் மதிப்பீட்டில் அதற்குத்தான் தனி மதிப்பெண் இருந்தது.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'இந்த ஆறு மாதத்தில் நான் நிறைய கற்றுக்கொண்டேன். என் படைப்பாற்றல் வளர்ந்திருக்கிறது.' ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'எங்கே?'

இரண்டாவது வரைவு: 'ஜூலை மெனு அட்டையில் ஏழு எழுத்துருக்கள். விலைகள் ஒவ்வொரு வரியிலும் வேறு இடத்தில் முடிகின்றன. நவம்பர் அட்டையில் இரண்டு எழுத்துருக்கள். விலைகள் எல்லாம் வலப்பக்கம் ஒரே நேர்க்கோட்டில். முதலாவதற்கு ஒன்பது மணி நேரம் ஆனது, இரண்டாவதற்கு இரண்டரை. நிறத் தேர்வில் இன்னும் தடுமாறுகிறேன்; இரண்டு அட்டையிலும் அதே மஞ்சள்.' இதை அவர் திருத்தவில்லை.

எண்ணக்கூடியதை எண்ணி எழுதுங்கள். எத்தனை எழுத்துரு, எத்தனை நிறம், எத்தனை மணி நேரம், எத்தனை திருத்தம். நோட்டின் ஓரத்தில் நேரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். எனக்கு அந்த மணிக்கணக்கு கிடைத்ததே தற்செயல். 'ஒன்பது மணி நேரமாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்' என்று தங்கையிடம் அன்று புலம்பியிருந்தேன்.

9. ஒப்படைக்கும்போதும் அதன் பிறகும்

தொகுப்பு பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும். பெரிதானால் மின்னஞ்சலில் திறக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பயிற்சிக்காகப் பெரிய நிறுவனம் ஒன்றின் லோகோவை மாற்றி வரைந்திருந்தால் 'பயிற்சி வேலை' என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். நேர்காணலில் உண்மையான வேலை என்று நினைத்துக் கேள்வி கேட்டால் அசடு வழிய வேண்டிவரும். உண்மையான வாடிக்கையாளருக்குச் செய்தது என்றால் அவரிடம் கேட்டுவிட்டுத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணை மறைத்துவிடுங்கள்.

சான்றிதழ் எங்களுக்கு 45 நாள் கழித்து வந்தது. வாங்கப் போகும்போது எல்லாத் தவணை ரசீதுகளும் கேட்டார்கள். ஒரு ரசீது இல்லாதவரை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கட்டணம் கட்டிய அன்றே ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் தாளின் மை சில மாதங்களில் வெளுத்துப் போகும்.

வகுப்புக் கணினியில் உங்கள் கோப்புகள் இருந்தால் கடைசி வகுப்பு முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். பென்டிரைவ் ஒன்றில் போட்டால் போதாது. இரண்டு இடத்தில் வையுங்கள், வீட்டுக்கு வந்து திறந்தும் பாருங்கள். எங்களுக்கு அடுத்த அணி திங்கட்கிழமை தொடங்கியது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கணினிகளில் இருந்த கோப்புகளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்த பெண்ணிடம், இருக்கை எண் என்ன என்று மட்டும் கேட்டார்கள்.